உஷார்! ஏ.எல். முடிந்ததும் கொழும்புக்குப் பை கட்டுகிறவர்களே...

பொகவந்தலாவைப் பக்கம் ஏ.எல். கடைசிப் பேப்பர் எழுதிய கை காய்வதற்குள் ஹட்டன் பஸ்ஸில் புதுப் பைகள் ஏறிவிடும். "ரிசல்ட் வர்ற வரைக்கும்தானே, லயத்துல சும்மா குந்திக்கிட்டு என்ன செய்ய?" என்று வீட்டிலும் சொல்வார்கள். தெரிந்த மாமா ஒருவர் புறக்கோட்டையில் ஏதாவது ஒரு கடையில் சேர்த்துவிடுவார். வேலைக்குப் போவது பிழையில்லை. கொழுந்து பறித்து டியூஷன் காசு கட்டிய அம்மாவின் கையில் முதல் சம்பளத்தை வைக்க எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் தம்பி, தங்கச்சி, கெம்பஸ் வாய்ப்பு கைநழுவிப் போகிற காலமும் இதேதான்.

இந்த இடைவெளி எவ்வளவு நீளம் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 2022ஆம் ஆண்டுப் பரீட்சை நடந்ததே 2023 ஜனவரி, பெப்ரவரியில். வரிப் பிரச்சினையில் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் விடைத்தாள் திருத்துவதைப் பகிஷ்கரிக்க, பெறுபேறு வர செப்டெம்பர் ஆகிவிட்டது. 2024 பரீட்சை டிசம்பரில் முடிந்து, பெறுபேறு 2025 ஏப்ரல் 26இல் வந்தது. அடுத்த ஏ.எல். நவம்பர் 10இல் தொடங்கிவிட்டது. ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு இரண்டாம் தரத்துக்குப் படிக்கலாம் என்று புத்தகத்தைக் கட்டி வைத்தவர்களுக்குக் கிடைத்தது ஆறரை மாதம். பாஸானவர்களுக்கோ வெட்டுப்புள்ளி, பதிவு, வகுப்பு என்று இன்னும் பல மாதம் இழுக்கும்.

முதல் ஆபத்து சட்டைப் பையில் இருக்கிற போன்தான். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விண்ணப்பத்தை ஒன்லைனில் சில வாரங்களுக்குத்தான் திறந்து வைக்கும். அதில் கொடுத்த நம்பருக்கும் மின்னஞ்சலுக்கும்தான் தகவல் வரும். நம் பிள்ளைகள் கொழும்பில் இறங்கியதும் செய்கிற முதல் வேலை, சலுகைக்காக சிம் மாற்றுவது! மின்னஞ்சலோ, விண்ணப்பம் போட்டுக் கொடுத்த கொமியூனிகேஷன் கடைக்காரர் திறந்தது. கடவுச்சொல் அவருக்குத்தான் தெரியும். கடிதம் வந்தாலும் நம்பிக்கை இல்லை. லயத்துக்குத் தனி இலக்கமில்லாத தோட்டங்களில் கடிதம் தோட்ட ஆபீஸுக்குப் போய், கை மாறி வரும்போது நேர்முகப் பரீட்சைத் திகதியே முடிந்திருக்கும். அதனால் விண்ணப்பத்தில் கொடுக்கிற நம்பரை உயிரோடு வைத்திருங்கள். மின்னஞ்சலை உங்கள் கையாலேயே திறந்துகொள்ளுங்கள்.

அடுத்தது பெயர்ச் சிக்கல். இது மலையகத்துக்கே உரிய தலைவலி. பிறப்புச் சான்றிதழில் அப்பா 'சுப்பையா', அடையாள அட்டையில் 'சுப்பிரமணியம்'. பிள்ளையின் பெயரோ சிங்களத்தில் பதியப்பட்டு, திரும்பத் தமிழுக்கு வரும்போது ஓர் எழுத்தைத் தொலைத்திருக்கும். பதினெட்டு வருடம் யாரும் கவனிக்கவில்லை. கெம்பஸ் பதிவின்போது கவனிப்பார்கள். திருத்தம் என்பது பிரதேச செயலகத்துக்கு ஒரு நடையில் முடிகிற காரியமில்லை. கொழும்புக்கு டிக்கெட் எடுக்குமுன் இந்த ஆவணங்களை மேசையில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் இந்த இடைவெளியை விட நல்ல நேரம் கிடைக்காது.

சில பாடநெறிகளுக்கு இஸட் புள்ளி மட்டும் போதாது, தகைமைப் பரீட்சையும் உண்டு. மொறட்டுவையில் கட்டடக்கலை, மட்டக்களப்பு சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை, நடனம் எல்லாம் அப்படித்தான். அந்த அறிவித்தலைப் பல்கலைக்கழகங்கள் தனியாகப் பத்திரிகையில் போடும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரிக்கான அறிவித்தல் வர்த்தமானியில் வரும். கடைக் கல்லாவில் நிற்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஊரில் இருக்கும் தம்பியிடமோ, படிப்பித்த சேரிடமோ இப்போதே சொல்லி வையுங்கள்.

போன வருடத்து மாணவர் கைநூலையும் நுவரெலியா மாவட்ட வெட்டுப்புள்ளிகளையும் இப்போதே இறக்கிப் பாருங்கள். பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட சனத்தொகைக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நம் மாவட்டம் அந்த 16இல் ஒன்று. (அதனால்தான் வெளிமாவட்டப் பிள்ளைகள் இங்கே வந்து பரீட்சை எழுதுவதாக அடிக்கடி சண்டை வருகிறது. நமக்கு அருமை தெரியாவிட்டாலும் அவர்களுக்குத் தெரிகிறது.) விருப்ப ஒழுங்கைக் கடைசி நாள் கொமியூனிகேஷனில் நின்று, பின்னால் நிற்கிறவன் அவசரப்படுத்த, கூட்டாளி போட்டதையே போடுவது பெரிய பைத்தியக்காரத்தனம். ஒருமுறை ஒரு பாடநெறிக்குப் பதிவு செய்துவிட்டால் மறுபடி விண்ணப்பிக்க விடமாட்டார்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் அடையாள அட்டையையோ மூலச் சான்றிதழையோ முதலாளியிடம் கொடுத்துவிடாதீர்கள். "பத்திரமா இருக்கும்" என்பார். விண்ணப்பத் திகதி வரும்போது அவர் ஊரில் இருக்கமாட்டார். பிரதி கொடுங்கள், போதும். சம்பளத்தில் ஈ.பி.எஃப். பிடித்தால் உங்கள் பங்கு 8 வீதம், அவர் பங்கு 12 வீதம். 12ஐயும் உங்கள் தலையில் கட்டினால் கேளுங்கள்.

ரிசல்ட் வந்த வாரம் ஹட்டனில் நோட்டீஸ் பறக்கும்: "மூன்றே மாதத்தில் டிப்ளோமா", "வெளிநாட்டுப் பட்டம்", "ஸ்டூடன்ட் விசாவில் வேலையும் உண்டு". அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போகிற வாரமும் அதுதான். தொழிற்பயிற்சி நிலையம் என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு உண்டா, பட்டம் என்றால் மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். வெளிநாட்டு வேலை என்று ஏஜென்சி வந்தால், பணம் கட்டுமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு எடுத்து, அனுமதிப்பத்திர இலக்கத்தைச் சொல்லி விசாரியுங்கள். இலக்கத்தைக் கேட்டதுமே ஏஜெண்ட் கோபப்பட்டால், பிறகு விசாரிக்கவே தேவையில்லை.