சிராங்கூன் சாலைக்காரர்கள் – 17: ஓசிப் படம்

சென்ற வாரம் மெக்கன்சி ரோட்டில், ரெக்ஸ் தியேட்டர் வாசலில் நின்றுவிட்டோம். 1946இல் திறந்த கொட்டகை. அங்கே வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியவர்களைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. இந்த வாரம் டிக்கெட்டே வாங்காமல் படம் பார்த்தவர்கள்.

'ஓசி' என்ற சொல்லுக்குப் பழைய விளக்கம் ஒன்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி தன் கடிதங்களில் 'கம்பெனி வேலையாக' என்று பொருள்படும் ஆங்கில எழுத்துகளை முத்திரையாகக் குத்துமாம். அந்தத் தபாலுக்குக் கட்டணம் கிடையாது. அதிலிருந்துதான் ஓசி வந்தது என்பார்கள். சொல்லாராய்ச்சிக்காரர்கள் ஒப்புக்கொள்வார்களோ மாட்டார்களோ, எனக்கு இந்த விளக்கம் பிடிக்கும். கடிதத்துக்குக் காசு இல்லை, சரி. ஆனால் உள்ளே என்ன எழுதியிருக்கும் என்பது கம்பெனி தீர்மானிப்பது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தீவின் ஓரத்தில் இருக்கும் ஒரு வெளிநாட்டுத் தொழிலாளர் பொழுதுபோக்கு மையத்துக்குப் போயிருந்தேன். திடலில் பெரிய திரை. ஐந்தாறு வருஷத்துக்கு முந்தைய விஜய் படம். முந்நூறு பேராவது இருந்திருப்பார்கள். பாதிப் பேர் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊருக்கு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றி அதன் மேலேயே உட்கார்ந்திருந்த தம்பிக்கு மன்னார்குடிப் பக்கம்.

"எத்தன தடவ பாத்தாச்சு தம்பி?"

"இங்கயே மூணு தடவண்ணே. ஊர்ல எண்ணல."

"வேற படம் போடச் சொல்றதில்லையா?"

"யார்ட்டண்ணே சொல்றது?"

அவன் குறைபட்டுக்கொள்ளவில்லை. விலாசம் கேட்பதுபோலத்தான் கேட்டான். என்னிடம் விலாசம் இல்லை.

2013 டிசம்பர் 8 இரவு ரேஸ் கோர்ஸ் ரோட்டில் நடந்த கலவரத்தை இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முழுவதும் தேக்காவுக்கே ஏன் வர வேண்டும், தங்குவிடுதிப் பக்கமே கடையும் திடலும் திரையும் இருந்தால் என்ன என்ற பேச்சு வலுத்தது. நியாயமான பேச்சும்தான். அலுத்துப்போன உடம்போடு பஸ் பிடித்து, லெம்பு ரோட்டில் நிற்க இடமில்லாமல் நின்று, மறுபடி பஸ் பிடிப்பது சுகமான காரியமா? ஆனாலும் தேக்காவுக்கு வருகிறவன் மளிகை வாங்குகிறான், காசு அனுப்புகிறான், ஊர்க்காரனைத் தேடிப் பிடிக்கிறான். கொவிட் காலத்தில் விடுதிக்குள்ளேயே இருந்தவர்களை 2021 செப்டம்பரில் வாரத்துக்கு ஐந்நூறு பேர், ஆறு மணி நேரம் என்ற கணக்கில் வெளியே விட்டுப் பார்த்தபோது, முதலில் கூட்டிவந்த இடங்களில் ஒன்று தேக்கா என்கிற இந்த லிட்டில் இந்தியாதான். திடலில் போடும் படத்தால் நிரப்ப முடியாதது ஏதோ இந்தத் தெருவில் இருக்கிறது.

ஓசித் திரை இங்கே புதிதில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசிய ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களைக் கேட்டால், படம் காட்டும் வேன் வந்த நாளைத் தீபாவளிக்குச் சமமாகச் சொல்வார்கள். மலாயன் ஃபிலிம் யூனிட் 1946இல் தொடங்கியது. 1948இல் அவசரகாலம் வந்ததும் அரசாங்க வேன்கள் தோட்டந்தோட்டமாகப் புறப்பட்டன. லயத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி, ஜெனரேட்டர் இரைச்சல், ஒலிபெருக்கியில் மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என்று மொழிக்கொரு விளக்கம். கொசுவை எப்படி ஒழிப்பது, காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுப் போராளிகளுக்குச் சோறு போட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் பாடம். சிரிப்புப் படம் ஒன்று நடுவில் வந்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். விடிந்தால் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்க, வரிசையில் நிற்க வேண்டிய பால்வெட்டுக்காரர்கள், கொசுவைப் பற்றிய படத்தைக் கொசுக்கடியில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

சிங்கப்பூரிலும் கம்பங்களுக்கு அப்படி வேன் போனது. 1963 பிப்ரவரியில் தொலைக்காட்சி வந்தபோது அதையும் முதலில் ஓசியில்தான் சனங்கள் பார்த்தார்கள். சமூக நிலையங்களில் ஆளுக்கொரு நாற்காலி இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்கள். பெட்டி மெல்ல மெல்ல வீட்டுக்குள் வந்தது. வெள்ளைத் துணி சுருண்டது. இப்போது எப்போதாவது அடுக்குமாடி வீட்டுக் கீழ்த்தளத்தில் ஏதாவது கார்ட்டூன் படம் போடுகிறார்கள். பாப்கார்ன் பாக்கெட்டும் தருகிறார்கள்.

ஓசித் திரை என்றதும் எனக்குக் கரீபியத் தீவுகளும் நினைவுக்கு வரும். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மலாயாவுக்கு ஆள் ஏற்றிய அதே சோழமண்டலக் கரையிலிருந்துதான் அந்தப் பக்கமும் கப்பல் போனது. 1853இல் மார்த்தினிக், 1854இல் குவாதலூப். இரண்டுக்கும் முதலில் வந்து சேர்ந்த கப்பலின் பெயர் ஒன்றே, ஒரேலி. மாரியம்மன் அங்கே 'மாலியேமன்' ஆனாள். ட்ரினிடாடுக்கும் கயானாவுக்கும் போனவர்களுக்கு 'மதராசி' என்று பெயர் விழுந்தது. 1935இல் 'பால ஜோபன்' என்ற இந்திப் படம் ட்ரினிடாடில் ஓடி, இந்தியப் படத்துக்கு அங்கே கதவு திறந்தது. திறந்தது இந்திக்கு. மதராசியின் பேரனும் அந்தத் திரைக்கு முன்னால்தான் உட்கார்ந்தான், தன் தாத்தா பேசாத மொழியில் ஊரை நினைத்துக்கொண்டு.

கரீபியக்காரர்களுக்கென்று சொந்தப் படங்கள் வரப் பல வருஷங்கள் ஆயின. 1974இல் 'பிம்' வந்தது. தகப்பனைப் பறிகொடுத்து நகரத்துக்கு வரும் இந்திய வம்சாவளிப் பையனின் கதை. நாயகனாக நடித்த ரால்ஃப் மராஜ் பின்னாளில் நாட்டின் வெளியுறவு அமைச்சரே ஆனார். நடிகர் மந்திரியாவது நமக்கு மட்டும் சொந்தமில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஹோரஸ் ஓவே எடுத்த 'பிரஷர்'. ட்ரினிடாடில் பிறந்து லண்டனுக்குப் போனவர். அங்கே வேலை கிடைக்காமல் அலையும் கறுப்பினப் பையனைப் பற்றி எழுபதுகளின் நடுவில் எடுத்தார். பணம் கொடுத்தது பிரிட்டிஷ் திரைப்படக் கழகம். படத்தில் போலீஸ் அடிப்பது வருகிறது. படம் முடிந்த பிறகு வெளியே விடாமல் வருஷக்கணக்கில் வைத்திருந்ததும் அதே கழகம்தான். காசு கொடுத்த கையே பூட்டையும் போட்டது. இன்றைக்கு லண்டனிலும் டொராண்டோவிலும் நூலகங்களிலும் தேவாலயக் கூடங்களிலும் கரீபியப் படங்களை இலவசமாகப் போடுகிறார்கள் என்றால், இந்தப் பழைய வயிற்றெரிச்சலும் அதற்கு ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன். பார்க்க வேண்டியவர்களே நாற்காலியைப் போட்டு, படத்தையும் பொறுக்கி எடுத்து, முடிந்ததும் தேநீர் ஆற ஆறச் சண்டை போடுகிறார்கள்.

நம் பக்கத்திலும் ஒருவர் இதைச் செய்தார். 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாம். 1984இல் கோழிக்கோட்டில் நண்பர்களோடு ஒடேசா என்று ஒரு அமைப்பைத் தொடங்கி, கேரளத்தில் ஊர் ஊராகப் போய்ச் சாப்ளின் படத்தைப் போட்டுக் காட்டிச் சில்லறை சேர்த்தார்கள். அந்தக் காசில் 1986இல் 'அம்மா அறியான்' வந்தது. வந்ததும் கொட்டகைக்குக் கொடுக்கவில்லை. 16 மில்லிமீட்டர் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு காசு கொடுத்த சனங்களிடமே திரும்பிப் போய், கட்டணமில்லாமல் காட்டினார்கள். அதையும் ஓசி என்று சொன்னால் ஜான் அடிக்க வந்திருப்பார். மறு வருஷமே அவர் போய்விட்டார்.

சிங்கப்பூரில் தமிழில் படமே இல்லையா என்றால், இருக்கிறது. 2008இல் எரிக் கூ எடுத்த 'மை மேஜிக்'. கான் விழாவில் தங்கப் பனை விருதுக்குப் போட்டியிட்ட முதல் சிங்கப்பூர்ப் படம், தமிழ் பேசுகிற படம். எட்டு வருஷம் கழித்து கே. ராஜகோபாலின் 'எ யெல்லோ பேர்ட்' அதே கானில் விமர்சகர் வாரத்துக்குப் போனது. சிறையிலிருந்து திரும்பும் ஒரு சிங்கப்பூர் இந்தியரின் கதை. அக்கரையில், மலேசியாவில், 2005இல் தீபக் குமாரன் மேனன் 'செம்மண் சாலை' எடுத்தார், ரப்பர்த் தோட்டத்துக் குடும்பம் ஒன்றை வைத்து. உலகம் முழுக்க விழாக்களில் பார்த்தார்கள். சிராங்கூன் சாலையில் பத்துப் பேரை நிறுத்தி இந்தப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒன்பது பேர் 'புதுப் படமா?' என்றார்கள். பத்தாவது ஆள் எனக்கு வழி காட்ட ஆரம்பித்துவிட்டார், பெயரைக் கேட்டு ஏதோ தெரு என்று நினைத்து.

குற்றம் அவர்கள் மேல் இல்லை. டிக்கெட் விற்கிற கொட்டகை ரஜினியை நம்பியிருக்கிறது. ஓசியில் போடுகிறவர்கள் வம்பில்லாத படமாகத் தேடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இந்தப் படங்கள் ஆவணக் காப்பகத்தின் குளிர்சாதன அறையில் பத்திரமாகத் தூங்குகின்றன.

திடலில் இடைவேளை விட்டபோது மன்னார்குடித் தம்பிக்கு 'மை மேஜிக்' கதையைச் சொன்னேன். குடித்தே சீரழிந்த மனிதர். மனைவி போய்விட்டாள். பத்து வயசுப் பையன் நன்றாகப் படிக்கிறான். அவனுக்காகப் பழைய மந்திர வித்தையை மறுபடி கையிலெடுக்கிறார். நெருப்பை விழுங்குகிறார், கண்ணாடியைக் கடித்துத் தின்கிறார். நடித்த பாஸ்கோ ஃபிரான்சிஸ் நிஜத்திலேயே வித்தைக்காரர்.

"தமிழ்லயாண்ணே பேசுறாங்க?"

"தமிழ்லதான்."

"நம்மூரு நடிகரா?"

"இல்ல, இந்த ஊரு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். திரையில் மறுபடி பாட்டு ஆரம்பித்தது. முன்னால் இருந்த நாலைந்து பேர் எழுந்து ஆடினார்கள்.

"அந்தக் கண்ணாடி திங்குற எடம்," என்றான், "பையன் பாக்குறானாண்ணே?"

"பாக்குறான்."

வெளியே கம்பெனி லாரி ஹாரன் அடித்தது. செருப்பைத் தட்டி மாட்டிக்கொண்டு எழுந்தவன், போனை எடுத்துப் படத்தின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொன்னான்.

(தொடரும்)