கழுகு வராத குன்றில் ஒரு வகுப்பு

திருக்கழுக்குன்றம் மலையில் முன்பெல்லாம் உச்சிவேளையில் இரண்டு பறவைகள் வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போகும். பார்த்தவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். கழுகு என்றுதான் சொல்வோம். உண்மையில் அது மஞ்சள்முகப் பாறு, பிணந்தின்னிக் கழுகு இனம். உடல் வெள்ளை, முகம் மஞ்சள், சிறகோரம் கறுப்பு. குஞ்சாக இருக்கும்போது முழுக்கப் பழுப்பு. 1990களின் இறுதிக்குள் அந்த வரவு நின்றுபோனது. இன்று உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள பறவை அது.

பறவைகளைக் கவனிக்கத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைவிட நல்ல பாடம் எது? ஒரு காலைப்பொழுது அதே ஊரின் சங்கு தீர்த்தக் குளக்கரைக்கு அழைத்துப் போங்கள். ஆளுக்கொரு நோட்டு, பென்சில், தொப்பி, தண்ணீர் பாட்டில் போதும். கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்து, கண்ணில் பட்டதை எழுதட்டும். நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைப்பது ஏன், முக்குளிப்பான் மூழ்கினால் எங்கே எழும்புகிறது என்று அவர்களே கேட்பார்கள். பதில் உடனே சொல்லிவிடாதீர்கள், அதுதான் கஷ்டம்! படிக்கட்டு வழுக்கும், நாலைந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் கட்டாயம்.

வீட்டுப்பாடமும் உண்டு. கழுகைப் பார்த்த கதையைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள்.

தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். குறைந்தது 15 நிமிடம் பார்த்துப் பட்டியலிட்டால் போதும். வருகிற பொங்கலுக்கு உங்கள் வீட்டுப் பிள்ளையோடு நீங்களும் உட்காருங்கள்.