குமிழி எங்கிருந்து வருகிறது?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம், தென்காசி வழியாகச் செங்கோட்டை வரை 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை பெரும்பாலும் சமதளம். அதற்கப்பால் ஆரியங்காவுக் கணவாய். சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியோ ராஜபாளையம் நூலோ ஏற்றிக் கேரளம் போகும் வண்டி, அதுவரை ஒழுங்காக ஓடிவிட்டு ஏற்றத்தில் ஹீட் ஏறினால், கூலண்டில் காற்று கலந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

காற்று, நீர் கடத்தும் வெப்பத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கடத்தும். சிலிண்டர் ஹெட்டுக்குள் ஒரு காற்றுப்பை தங்கினால் அந்த இடம் மட்டும் காய்கிறது. வெப்பத்தை அளக்கும் சென்சாரும் அதற்குள் அகப்பட்டால் டேஷ்போர்டு முள் உண்மையைக் காட்டாது.

குமிழியின் மூலத்தைக் கண்டறிய, இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போதே சோதனையைத் தொடங்கவேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு உடலைச் சுட்டுவிடும். மூடி சுமார் 1 பார் அழுத்தத்தைத் தாங்கி, நீரின் கொதிநிலையை ஏறக்குறைய 120 டிகிரிக்கு உயர்த்தி வைத்திருக்கிறது. மூடி பழுதானால் கூலண்ட் சீக்கிரமே கொதித்து நீராவிக் குமிழி கிளம்பும்.

ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து, கூலண்டை நிரப்பி, ஐடிலில் ஓடவிடுங்கள். 80 முதல் 90 டிகிரிக்குள் தெர்மோஸ்டாட் திறந்ததும் சில குமிழிகள் வந்து, மட்டம் இறங்கி, பிறகு நின்றுவிட்டால் அது கூலண்ட் மாற்றியபோது தங்கிய காற்று. வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி ஏர் எடுத்தால் போதும்.

குமிழி நிற்காமல், ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் கூடினால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கவேண்டும். சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தம் கூலண்டின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு. கேஸ்கட்டில் சிறு விரிசல் கிடைத்தாலும் அந்த வாயு கூலண்டுக்குள் புகுந்துவிடும். மூடி போட்டு ஓட்டிப் பார்த்தால், இன்ஜின் சூடாகும் முன்னரே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவதும் இதன் அறிகுறி.

உறுதிசெய்ய, ரேடியேட்டர் வாயில் எழும் வாயுவை நீலநிறத் திரவம் உள்ள குழாயின் வழியே இழுப்பார்கள். எரிந்த வாயுவிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டால் நீலம் மஞ்சளாகும். டீசல் வண்டியில் பச்சையாகலாம்.

தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டுவது தீர்வல்ல. அலுமினிய ஹெட் வளைந்துவிட்டால், கேஸ்கட் மாற்றும் வேலையோடு ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தும் செலவும் சேரும். மலையேறும் முன் அரைமணி நேரம் ஒதுக்கிச் சோதிப்பவருக்கு அந்தச் செலவு மிச்சம்.