ஒன்றையொன்று நேசிக்கும் எண்கள்

ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அமருங்கள். பள்ளியில் பயிலும் பிள்ளைகளையும் அருகில் அழைத்துக்கொள்ளுங்கள்.

18,416 என்னும் எண்ணை மீதமின்றி வகுக்கும் எண்களை, அந்த எண் நீங்கலாக எழுதுங்கள்: 1, 2, 4, 8, 16, 1151, 2302, 4604, 9208. இவற்றைக் கூட்டினால் 17,296 வரும். இனி 17,296-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதனை மீதமின்றி வகுப்பவை, அதனை நீக்கினால், பத்தொன்பது எண்கள். அவற்றின் கூட்டுத்தொகை 18,416! இத்தகைய இணைகளை அரபுக் கணித அறிஞர்கள் ‘முதஹாப்பா’, அதாவது ஒன்றையொன்று நேசிப்பவை என்று அழைத்தனர்.

இவற்றுள் மிகச் சிறிய இணை 220, 284. கிரேக்கர் காலத்திலேயே அறியப்பட்டது. இவ்விரு எண்களும் நேசத்தை வளர்க்கும் என்று கூறித் தாயத்து செய்தோர் இருந்தனர் என்பதை இப்னு கல்தூனின் ‘முகத்திமா’ வாயிலாக அறிகிறோம். அறிஞர்களோ தாயத்தை நாடவில்லை. ‘இஃது எவ்வாறு நிகழ்கிறது? வேறு இணைகளைக் காண வழி உண்டா?’ என்று வினவினர்.

விதியைக் கண்டவர், 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த தாபித் இப்னு குர்ரா. 16-இன் மும்மடங்கில் ஒன்று குறைத்தால் 47. அதன் பாதியாகிய 8-இன் மும்மடங்கில் ஒன்று குறைத்தால் 23. 16-ஐயும் 8-ஐயும் பெருக்கி, ஒன்பது மடங்காக்கி, ஒன்று குறைத்தால் 1151. மூன்றுமே பகா எண்கள். எனவே 16×23×47 = 17,296; 16×1151 = 18,416. இணை பிறந்துவிட்டது! 16-க்குப் பதிலாக 8-இல் தொடங்கினால் 11, 23, 287 என வரும். 287 என்பது 7×41; பகா எண் அன்று. ஆகவே அங்கே இணை இல்லை.

1319-ஆம் ஆண்டளவில் மறைந்த பாரசீக அறிஞர் கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ இவ்விதிக்குப் புதிய நிரூபணம் தந்து, இந்த இணையையும் எடுத்துக்காட்டினார். பிரான்சின் ஃபெர்மா இதனை அறிவித்தது 1636-இல்தான். எனினும் நெடுங்காலம் அவர் பெயராலேயே இது வழங்கப்பட்டது.

இதைக் கேட்டு நம் நெஞ்சம் நிமிர்வது இயல்பே. ஆயினும் நேர்மை தவறலாகாது. தாபித் முஸ்லிம் அல்லர். ஹர்ரானின் ஸாபிஈ சமயத்தவர். அறிவு எவரிடம் இருப்பினும் அதற்கு இடமளித்தது அன்றைய பக்தாத். நாம் பெருமை கொள்ளத் தக்கது அதுவே.

மேலும் ஒரு செய்தி. 1866-இல், பகானினி என்ற பதினாறு வயது இத்தாலிய மாணவர் 1184, 1210 என்னும் சிறிய இணையைக் கண்டார். தாபித்தின் விதிக்குள் அடங்காத அதனை மாமேதைகளும் தவறவிட்டிருந்தனர்! இத்தகைய இணைகள் முடிவின்றி உள்ளனவா என்ற வினாவுக்கு இன்றுவரை விடை இல்லை.

முன்னோர் கண்டதைச் சொல்லி மகிழ்வதோடு நின்றுவிடலாமா? தாளும் பென்சிலும் இப்போது உங்கள் பிள்ளைகளின் கையில் இருக்கின்றன.