முழுப் பூசணிக்காயும் வெடித்த கப்பலும்

கட்கியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு ரகசியம் காப்பது புதிதல்ல. வெடிமருந்துத் தொழிற்சாலையிலும் ராணுவத்திலும் வேலை பார்த்தவர்கள், அங்கே நடப்பதைப் பற்றி வீட்டில் மூச்சு விட மாட்டார்கள். அப்படி ஒரு வீட்டுப் பையன் அண்மையில் என்னிடம், "அங்கிள், போர் நடக்கும்போது அரசாங்கம் பொய் சொன்னால் தப்பா?" என்று கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தபோது, பக்கத்தில் பம்பாயில் நடந்த ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது 'ஃபோர்ட் ஸ்டைகின்' என்ற கப்பல் சுமார் 1,400 டன் வெடிபொருளோடும் தங்கக் கட்டிகளோடும் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. வழியில் கராச்சியில் ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளையும் ஏற்றினார்கள். பஞ்சும் வெடிமருந்தும் ஒரே கப்பலில்! 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா டாக்கில் சரக்கு இறக்கும்போது, பிற்பகல் இரண்டு மணி வாக்கில் புகை கிளம்பியது. நான்கு மணிக்குச் சற்றுப் பின் கப்பல் வெடித்தது. அரை மணிக்குள் இன்னொரு வெடிப்பு. தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர் பலியானார்கள். மொத்தம் இறந்தவர்கள் 800 முதல் 1,300 வரை என்று பலவாறு சொல்கிறார்கள். வெகு தொலைவில் சிம்லாவிலிருந்த நிலநடுக்கக் கருவியிலும் அதிர்வு பதிவானது. ஏப்ரல் 14-ஐ நாம் தீயணைப்புச் சேவை நாளாக நினைவுகூர்வது இதனால்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாமா? வெள்ளையர் அரசு மறைக்கப் பார்த்தது. நிருபர்கள் வெளியே செய்தி அனுப்பத் தணிக்கை அதிகாரிகள் மே மாதம் இரண்டாம் வாரத்தில்தான் அனுமதித்தார்கள். ஆனால் ஜப்பானியர் வசமிருந்த சைகோன் வானொலி மறுநாளே, ஏப்ரல் 15 அன்றே, விவரமாக அறிவித்துவிட்டது! எதிரிக்கு ஒரே நாளில் தெரிந்தது, சொந்த மக்களுக்குப் பல வாரம் தெரியக்கூடாது என்றால், அந்த ரகசியம் யாருக்கு எதிராக? ஜப்பானியர்தான் குண்டு போட்டார்கள் என்ற வதந்தி வேறு பரவியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

எல்லாவற்றையும் தண்டோரா போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ராணுவச் சிறப்பு ரயில் புறப்படும் நேரத்தை எந்த ஸ்டேஷனிலும் ஒலிபெருக்கியில் அறிவிப்பதில்லை. அது நியாயம், ஏனென்றால் அது படைவீரர்களின் உயிரைக் காக்கிறது. நடந்துபோன தவற்றை மூடுவது நாற்காலியைத்தான் காக்கிறது.

சர்ச்சிலிடம் இரண்டையும் காணலாம். 1940 ஜூன் 4 அன்று, பிரான்ஸில் நேர்ந்தது பெரும் ராணுவப் பேரழிவு என்று பாராளுமன்றத்தில் ஒளிக்காமல் சொன்னார். அதைக் கேட்டு மக்கள் இடிந்துபோய்விடவில்லை. அதே மாதம் 17-ஆம் தேதி 'லங்காஸ்ட்ரியா' கப்பல் குண்டுவீச்சில் மூழ்கி ஆயிரக்கணக்கானோர் இறந்தபோது, செய்திக்குத் தடை போட்டார். ஜூலைக் கடைசியில் அமெரிக்கப் பத்திரிகை வழியாகத்தான் விஷயம் வெளிவந்தது. தடையை நீக்க மறந்துவிட்டதாக அவரே பின்னாளில் எழுதினார். பூட்டுப் போடுவது சுலபம், சாவியை எங்கே வைத்தோம் என்பதுதான் மறந்துபோகிறது.

சுதந்திர இந்தியாவுக்கும் இப்படி ஒரு பூட்டு உண்டு. 1962 சீனப் போர்த் தோல்வியை ஆராய லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் ப்ரூக்ஸும் பிரிகேடியர் பிரேமீந்திர சிங் பகத்தும் நியமிக்கப்பட்டார்கள். பகத் நம் கட்கிக்கு அந்நியர் அல்ல. இங்கே மையம் கொண்டிருக்கும் பம்பாய் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்தவராகப் போரிட்டு, 1941-ல் அபிசீனியாவில் நான்கு நாள் ஓயாமல் கண்ணிவெடிகளை அகற்றி, விக்டோரியா கிராஸ் பெற்ற வீரர். எங்கே அபாயம் புதைந்திருக்கிறது என்று காட்டுவது அவர் தொழில். 1963-ல் முடிந்த அந்த அறிக்கையை அரசு இன்னும் வெளியிடவில்லை. 2014-ல் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையாளர் அதில் ஒரு பகுதியை வெளியிட்டார். நாம் அறிந்தது அவ்வளவே.

நான் வேலை பார்த்த ரயில்வேயில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. பெரிய விபத்துகளை விசாரிக்கும் பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்துக்குக் கீழே வருவதில்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறார். தவறு செய்தவன் கையிலேயே விசாரணையைக் கொடுக்கக் கூடாது என்பதுதான் காரணம். விரிசல் விட்ட தண்டவாளத்துக்கு வண்ணம் பூசினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், அடுத்த வண்டி வரும் வரை.

தம்பி, போரில் அரசு சிலவற்றைச் சொல்லாமல் இருக்கலாம். பொய் சொல்லக் கூடாது. சொல்லாமல் வைத்ததையும் ஆபத்து நீங்கியதும் சொல்லிவிட வேண்டும். இதுவே என் பதில்.