மரத்தின் வளர்ச்சியும் குத்தகையின் காலமும்

வந்தாறுமூலையின் வயல்வெளிகளோடு பழகிய நாம், ஜிபரெலின் பற்றிய வரலாறு நெல்வயலிலேயே தொடங்கிற்று என்பதை மனங்கொள்ளல் நன்று. நாற்றுகள் அளவுமீறி நெடுத்து, வெளிறி, மணிபிடியாது சாயும் நோயை யப்பானிய உழவர் 'முட்டாள் நாற்று' என்றனர். ஒருவகைப் பூஞ்சணம் சுரக்கும் பொருளே அதற்குக் காரணம் என்பதை 1926இல் குரோசாவா காட்டினார். 1935இல் யபுட்டா அப்பொருளுக்குப் பெயரிட்டார். தாவரங்கள் தாமும் அதனை ஆக்கிக்கொள்கின்றன என்பது பின்னரே புலனாயிற்று. கிளைகள் நீள்வதும், மாமரம் பூக்காது தளிர்ப்பதும் பெரிதும் அதனாலேயே.

பக்ளோபியூட்ரசோல் இவ்வாக்கத்தைத் தடுக்கிறது. 1980களில் 'கல்டார்' என்ற வணிகப் பெயருடன் பீச், அப்பிள் தோட்டங்களில் இது பரிசோதிக்கப்பட்டது. பத்து மீற்றர் இடைவெளியில் ஹெக்டெயருக்கு 100 மாமரங்கள் நிற்கும். ஐந்து மீற்றராயின் 400. நெருங்கி நட்ட மரம் அயல் மரத்தை நிழலால் மூடாதிருக்க அதன் வீரியம் அடக்கப்படல் வேண்டும். சொல்லாய்வுப் பழக்கம் நம்மை விடவில்லை: 'வளர்ச்சி ஒழுங்காக்கி' என்னும் கலைச்சொல்லில், அந்த ஒழுங்கு எவருக்காக என்பது மறைந்துவிடுகிறது.

கொங்கணத்து இரத்தினகிரியில் இவ்வினா கூர்மையடைகிறது. அல்பொன்சோ மா ஓராண்டு காய்த்தால் மறு ஆண்டு ஓய்வது. தாபோலி விவசாயப் பல்கலைக்கழகம், மரக்கவிகையின் விட்டத்தில் மீற்றருக்கு 3 மில்லிலீற்றர் கல்டாரை நீரிற் கலந்து யூலை, ஓகஸ்ட் மாதங்களில் வேரடியில் ஊற்றப் பரிந்துரைத்தது. ஆண்டுதோறும் காய்க்கும் மரத்துக்கு எருவும் நீரும் கவாத்தும் கூடுதலாக வேண்டும்; மருந்து அவற்றுக்கு மாற்றன்று. ஆயின் தோட்டங்கள் பல ஒப்பந்தக்காரரிடம் குத்தகையில் உள்ளன. மரத்தின் ஆயுள் பல தசாப்தங்கள்; குத்தகைக்காரரின் கணக்கோ சில பருவங்கள். அளவை மீறி ஊற்றுதற்கு அறியாமையைக் காரணங்காட்டுவோர் இம்முரண்பாட்டைக் காணத் தவறுகின்றனர். ஓராண்டுக் குத்தகை வயலுக்கு எவர் எருவிடுவார் என்று நம்மூர்க் கமக்காரரைக் கேட்டாலே போதும்.

மிகையளவு பெற்ற மரத்தில் கணுவிடை குறுகும், பூங்கொத்து இறுகும். மருந்து மண்ணில் மாதக்கணக்கிலும், சில நிலங்களில் ஓராண்டுக்கு மேலும் தங்கும். ஆகவே புதிய குத்தகைக்காரர் ஊற்றும்போது முன்னவர் ஊற்றியதன் எச்சமும் அங்கேயே கிடக்கலாம். ஊற்றிய ஆண்டும் அளவும் குத்தகை உறுதியில் எழுதப்படல் வேண்டும் என்பதே நாம் முதலில் முன்வைக்கும் கோரிக்கை.