நாடகத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்

உத்திரமேரூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று பள்ளி விடுமுறையில் ஒரு நாள் சென்னைக்குப் போகிறதென்றால், அந்த நாள் எப்படிப் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். விடியற்காலை பஸ்ஸில் செங்கல்பட்டு, அங்கிருந்து மின்சார ரயில், தி.நகரில் துணிக்கடை, நல்ல ஓட்டலில் சாப்பாடு, வெயில் தாழ்ந்ததும் மெரினா. நேரம் மிஞ்சினால் எழும்பூர் அருங்காட்சியகம். நாடகம் மட்டும் இதில் வருவதில்லை. அதைக் கடைசியில் சேர்த்துக்கொண்டாலும் போதாது, முதலில் குறித்துக்கொண்டு மற்றவற்றை அதைச் சுற்றி அமைக்க வேண்டும் என்பது என் கட்சி. துணியும் நல்ல சாப்பாடும் இன்று காஞ்சிபுரத்திலேயே கிடைக்கின்றன. கடல் அடுத்த முறையும் அங்கேயேதான் இருக்கும். சினிமா கைக்குள்ளேயே வந்துவிட்டது. நாடகம் மட்டும்தான் குறித்த நாளில், குறித்த மேடைக்கு முன்னால் நாம் போய் உட்கார்ந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அவ்வளவு தூரம் பஸ் காசு கொடுத்துப் போவது, போனால்தான் கிடைக்கிற ஒன்றுக்காக இருக்கட்டுமே.

"அதெல்லாம் மயிலாப்பூர்க்காரர்களுக்கு, நமக்கு என்ன தெரியும்?" என்ற தயக்கம்தான் பலரைத் தடுக்கிறது. உண்மை நேர்மாறானது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவண்ணாமலை வட்டாரங்களில் துரோபதை அம்மன் கோயில் விழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் விடிய விடியக் கூத்து. இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று வேஷக்காரர் பாடத் தொடங்குவார். முதலில் தெரிவது கிரீடத்தின் நுனிதான். திரை விலகும்போது கல்யாண முருங்கைக் கட்டையில் செய்து கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடமும் புஜகீர்த்தியும் விளக்கொளியில் மின்னும், முகவீணை உச்சத்துக்கு ஏறும். படுகளத்தன்று மண்ணால் ஆன பெரிய துரியோதனன் தரையில் கிடக்க, வேஷம் கட்டிய பீமன் அதைச் சுற்றி வந்து தொடையைப் பிளப்பான். இதையெல்லாம் மடியில் குழந்தையோடு பார்த்து வளர்ந்தவர்களுக்கு, நாடகம் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சென்னையின் நவீன நாடகம்தான் இந்த ஊர்களிடம் பாடம் கேட்டது. 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி, செய்யாறு பக்கத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் ஆடிய கூத்தைத்தான் தன் நாடகத்துக்கு ஆதாரமாகக் கொண்டார். அந்த மேடைக்கு முன்னால் உட்காரப் போகும் உத்திரமேரூர்க் குடும்பம் விருந்தாளியல்ல, பங்காளி.

அப்படியானால் கூத்தே நம் ஊரில் காசில்லாமல் கிடைக்கிறதே, பட்டணத்துக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கூத்தை விட்டுவிட்டுச் சபாவுக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. காஞ்சிபுரத்தை ஒட்டிய புஞ்சரசந்தாங்கலில், 1990இல் உருவான கட்டைக்கூத்துச் சங்கம் 2002இல் குருகுலம் தொடங்கிப் பெண் பிள்ளைகளுக்கும் கூத்து சொல்லிக்கொடுத்தது. அங்கே கற்றவர்கள் ஆடுவதைப் பார்க்காமல் விடுவது பெரிய இழப்பு. ஆனால் கூத்து நமக்குத் தெரிந்த கதையைச் சொல்கிறது; திரௌபதி சபதம் எப்படி முடியும் என்று அறிந்தேதான் உட்கார்கிறோம். சபா நாடகத்தில் வருவது நம் வீட்டு வாடகை, நம் பிள்ளையின் கல்யாணம், பாகப்பிரிவினை. முடிவு தெரியாத கதையைப் பாட்டியும் பேரனும் ஒரே நேரத்தில் பார்த்தால், ரயிலில் திரும்பும்போது யார் செய்தது சரி என்று இருவரும் சண்டை போடுவார்கள். மூன்று தலைமுறை சமமாகப் பேச இப்படி ஒரு விஷயம் கிடைப்பது எளிதல்ல.

நாடகத்தை முதலில் வைத்தால் மற்றவை தாமாக ஒழுங்குக்கு வரும். உதாரணத்துக்கு எழும்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தின் அதே வளாகத்தில்தான் பழைய மியூசியம் தியேட்டரும் இருக்கிறது. காலையில் அமராவதிச் சிற்பங்கள், பிறகு செப்புத் திருமேனிகள். அங்குள்ள திருவாலங்காட்டு நடராசரைப் படங்களில் மட்டுமே பார்த்து, பிரெஞ்சுச் சிற்பி ரோதான் உருகி எழுதினார். முதலாம் பராந்தகனின் குடவோலைக் கல்வெட்டு இருக்கும் உத்திரமேரூர்க்காரர்களுக்குச் சோழர் கால வார்ப்பு அந்நியமாக இருக்காது. (வெள்ளிக்கிழமை விடுமுறை, அதை மறந்து போய் நிற்க வேண்டாம்.) மதியம் அக்கம்பக்கத்தில் இலைச் சாப்பாடு, கொஞ்சம் ஓய்வு, மாலையில் நாடகம். துணிக்கடை விடுபட்டால் விடுபடட்டும்.

மெய்யான தடை நேரம். சபா நாடகம் பெரும்பாலும் இரவு ஏழு மணி வாக்கில் தொடங்குகிறது. ஒன்பதுக்கு முடிந்து ரயிலேறினால் செங்கல்பட்டில் இறங்கும்போது உத்திரமேரூர் பஸ் நிச்சயமில்லை. நான்கு குடும்பம் சேர்ந்து வேன் பிடிக்கலாம், எல்லோராலும் முடியாது. இங்கே மாற வேண்டியது ஊர்க்காரர்கள் இல்லை, சபாக்கள். 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், விடிய விடிய நடந்த நாடகத்தை மூன்று மணி நேரத்துக்குள் சுருக்கினார். பார்க்க வருகிறவர்களின் வசதிக்காக அன்று நேரத்தை மாற்ற முடிந்தது, இன்றும் முடியும். சென்னையில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழா, பிள்ளைகள் வீட்டில் இருக்கும் காலத்தில்தான் வருகிறது. அதில் ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மணிக் காட்சி ஒன்று வைத்தால், ஐந்துக்கு முடிந்து, டிபன் சாப்பிட்டு, எட்டரைக்குள் செங்கல்பட்டுக்கு வந்துவிடலாம். அப்போது ஊருக்குப் பஸ் இருக்கும்.